காதில் அடையாள எண் பதித்த பூனையைப் பராமரிக்கும் முறை

வயலில் விளைந்த நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரும் கமக்காரரின் கவலை தீர்வதில்லை. நெல் மூட்டையையும், விதை உருளைக்கிழங்கையும், அடுத்த போகத்திற்கென உலர்த்தி வைத்த போஞ்சி விதையையும் தேடி எலி வருகின்றது. எலி தானியத்தைத் தின்பதோடு நில்லாது, தன் சிறுநீரினால் எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோயையும் பரப்புகின்றது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7000 பேருக்கு மேல் இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. 200 பேருக்கு மேல் மாண்டனர். சேற்றில் இறங்கி வேலை செய்வோரே இந்நோய்க்கு எளிதில் ஆளாவர் என்பதை நெற்செய்கையாளர் மறத்தல் ஆகாது.

பூனை ஒன்றினால் மட்டும் வயலெலி ஒழிந்துவிடும் என்று கூறமுடியாது. ஆயினும் வீட்டையும் களஞ்சியத்தையும் சுற்றி எலி குடிபுகாது தடுப்பதற்கு நல்ல பூனை பெரிதும் உதவும். ஆதலால் பதுளை, ஹாலிஎல, பசறை, வெலிமடை, பண்டாரவளை முதலிய பகுதிகளில் கமக்காரர் இல்லங்களிலும், தோட்டத்து லயங்களிலும் பூனை வளர்த்தல் வழக்கமாயுள்ளது. அத்தகைய பூனைக்குக் காதில் அடையாள எண் பதித்தபின் செய்யவேண்டிய பராமரிப்பை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

அடையாளம் ஏன் வேண்டும்?

ஒரு லயத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன என்றும், அங்கே சாம்பல் நிறப் பூனைகள் ஏழு உலவுகின்றன என்றும் கொள்வோம். அவற்றுள் ஒன்று ஒரு குழந்தையின் கையைக் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றது. அது யாருடைய பூனை? அதற்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டதா? ஏற்றப்பட்டதாயின் எப்பொழுது? இக்கேள்விகளுக்கு உடனே விடை கிடைக்குமாயின் வைத்தியருக்கு அது பேருதவியாகும். ஒன்றுபோல் தோன்றும் பூனைகளுள் நிறத்தைக் கொண்டு மட்டும் அடையாளம் கூறுதல் ஏமாற்றத்திற்கு இடந்தரும்.

விசர்நோய் கண்டபின் அதனைக் குணப்படுத்த வழியில்லை. இந்நாட்டில் விசர்நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. அவ்வாறிருந்தும் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயினால் உயிரிழந்தனர். தடுப்பூசியின் பயனாக இத்தொகை பின்னர் மிகவும் குறைந்துள்ளது. இந்நோயைப் பெரும்பாலும் நாய்களே பரப்புகின்றன. எனினும் பூனையின் கடியாலும் கீறலாலும் இது தொற்றக்கூடும்.

மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கத்தைக் கமக்காரர் நன்கு அறிவர். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளின் குறிசுடுதலைப் பற்றியும் கூறுகின்றது. பூனையின் மெல்லிய தோலுக்குக் குறிசுடுதல் பொருந்தாது. அதற்குப் பதிலாகக் காதின் உட்புறத்தில் பச்சை குத்தி எண் பதிக்கும் முறை பல நாடுகளில் கையாளப்பட்டு வருகின்றது. பிரான்சு நாட்டில் 2012 ஆம் ஆண்டு சனவரி மாதம் 1 ஆந் திகதிக்குப் பின்னர் பிறந்து, 7 மாத வயதைக் கடந்த பூனைகள் யாவும் பச்சை குத்துதலாலோ, தோலின் கீழ்ச் செலுத்தும் நுண்சில்லினாலோ அடையாளமிடப்படல் வேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. இங்கிலாந்தில் 2024 ஆம் ஆண்டு யூன் மாதம் 10 ஆந் திகதி முதல் வீட்டுப் பூனைகளுக்கு நுண்சில்லு கட்டாயமாக்கப்பட்டது. நுண்சில்லிலுள்ள எண்ணைப் படிப்பதற்குத் தனிக் கருவி வேண்டும்; காதிற் பதித்த எண்ணைக் கண்ணாலேயே படிக்கலாம். தோட்டப் பகுதிகளுக்கு இவ்வசதி குறிப்பிடத்தக்கதாகும்.

எண் பதிக்கும் முறை

பூனையின் காது மடல் மெல்லிய குருத்தெலும்பின் இருபுறமும் தோல் போர்த்தப்பட்டதாகும். உட்புறத்தில் மயிர் குறைவாதலால் எண் தெளிவாய்த் தெரியும். எண் வடிவில் அமைந்த ஊசிகளையுடைய குறட்டினாலோ, மின்சாரத்தால் இயங்கும் ஊசிப் பேனாவினாலோ தோலிற் சிறு துளைகள் இடப்படும். அத்துளைகளில் இதற்கெனத் தயாரித்த மை தேய்க்கப்படும். காதின் தோல் கருமையாயிருப்பின் கறுப்பு மை தெளிவாய்த் தோன்றாது. பச்சை மை ஏற்றதாகும்.

இது வலி தரும் செயலாதலின் பூனையை மயக்கத்தில் ஆழ்த்தியே செய்தல் வேண்டும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும்பொழுதே எண்ணையும் பதித்துக்கொண்டால் ஒரே மயக்கத்தில் இரண்டும் நிறைவேறும். வீட்டில் ஊசியும் மையுங் கொண்டு தாமே எண் பதிக்க எவரும் முயலலாகாது. அது பூனைக்குக் கொடுமையாவதோடு, குத்துபவருக்கும் கடியினால் ஆபத்தை விளைவிக்கும். எண் பதிக்கும் வசதி எல்லா நிலையங்களிலும் இருப்பதில்லை. எனவே அண்மையிலுள்ள மிருக வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்தறிதல் நன்று.

அழைத்துச் செல்லுமுன் செய்யவேண்டியவை

1. வயலிலோ களஞ்சியத்திலோ சென்ற சில வாரங்களுள் எலிப்பாஷாணம் வைத்திருந்தால் அதனை மிருக வைத்தியருக்குத் தவறாது கூறுதல் வேண்டும். இதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

2. மயக்க மருந்து கொடுப்பதற்குமுன் எத்தனை மணிநேரம் உணவு கொடாதிருத்தல் வேண்டும் என்பதைக் கேட்டறிந்து அவ்வாறே செய்க. வளர்ந்த பூனைக்கு உரிய நேரம் சிறு குட்டிக்குப் பொருந்தாது.

3. பூனையைச் சாக்கிற் கட்டித் தூக்கிச் செல்லலாகாது. காற்றோட்டமுள்ள கூடையையோ, துளையிட்ட பெட்டியையோ உபயோகித்தல் வேண்டும்.

4. பதுளைப் பகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை மிகுதி. ஆனி, ஆடி மாதங்களில் மழை குறைவு. கூடுமாயின் மழை குறைந்த காலத்தில் எண் பதிப்பித்தல் நலம். ஆனால் விசர்நோய்த் தடுப்பூசியை இதன்பொருட்டுப் பிற்போடுதல் தகாது.

முதல் நாட் பராமரிப்பு

மயக்கத்திலிருந்து தெளியும் பூனையின் உடற்சூடு குறைந்திருக்கும். அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை போன்ற குளிர்ந்த இடங்களில் இதனை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். நிலத்தில் உலர்ந்த சாக்கை விரித்து, அதன்மேல் சுத்தமான பழந்துணியிட்டு, காற்று வீசாத மூலையிற் பூனையைக் கிடத்துக. வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியிற் சுற்றி அருகில் வைக்கலாம். உடலோடு ஒட்டி வைத்தல் கூடாது. மயங்கிய பூனை சூடு மிகுந்தாலும் விலக அறியாது, தோல் வெந்துபோகும். இதே காரணத்தால் அடுப்பங்கரையிற் கிடத்துதலும் ஆபத்தாகும்.

தள்ளாடும் பூனையைக் கட்டிலிலோ, பரணிலோ, மூட்டைகளின் மேலோ வைக்கலாகாது. அது விழுந்து காயமடையும். நாய், பிற பூனைகள், சிறு குழந்தைகள் ஆகியோரை அணுகவிடாது, வெளிச்சங் குறைந்த அறையில் அடைத்து வைத்தல் வேண்டும். நன்றாகத் தெளிந்து தலையை நிமிர்த்தி நடக்கும்வரை உணவு கொடுத்தல் கூடாது. அரைமயக்கத்தில் உண்டால் உணவு மூச்சுக் குழலிற் செல்லக்கூடும். தெளிந்தபின் முதலிற் சிறிது நீரும், பின்னர் வழக்கமான உணவிற் காற்பங்கும் கொடுக்கலாம்.

முதல் நாளிற் காது சற்றுச் சிவந்து தடித்திருக்கும். மிகுதியான மை வழிந்து காது மடலிலும் கன்னத்து மயிரிலும் படிந்திருக்கும். இதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அந்த மையைக் கழுவவோ, துடைத்தெடுக்கவோ முயலுதல் கூடாது. தேய்த்தால் துளைகளிலுள்ள மையும் வெளியேறி எண் மங்கிவிடும்.

முதல் 14 நாட்களிற் கவனிக்கவேண்டியவை

பூனைக்குத் தன் காதின் உட்புறத்தை நேரே நக்க இயலாது. ஆயினும் பின்னங்காலின் நகத்தாற் சொறியும்; முன்னங்காலை நக்கி அதனாற் காதைத் தேய்க்கும். எண் கெடுவதும் புண் பழுப்பதும் பெரும்பாலும் இச்சொறிதலினாலேயாகும். எண் பதிக்கும்பொழுதே பின்னங்கால் நகங்களின் நுனியைக் கத்தரித்துவிடுமாறு வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். மிகவும் சொறியும் பூனைக்குக் கழுத்துக் கூம்பு மாட்டுதல் வேண்டும். கூம்பு மாட்டிய பூனை உண்ணவும் நீர் அருந்தவும் முடிகின்றதா என்பதைப் பார்த்துக்கொள்க.

மூன்றாம் நாளளவில் வீக்கம் தணியும். துளைகளின்மேல் சிறு பொருக்குகள் தோன்றும். அவற்றைப் பிய்த்தெடுக்காது தாமாக உதிரவிடுதல் வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரங்களிற் காது முற்றாக ஆறிவிடும். அதுவரை பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

நாள்தோறும் காலையும் மாலையும், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், காதை மெதுவாகத் திருப்பிப் பார்க்க. பார்த்த பின்னரும் கைகளைக் கழுவுக.

பூனையைக் குளிப்பாட்டுதல் கூடாது. மழையில் நனையவும் விடலாகாது.

இயலுமாயின் முதல் ஏழு நாட்களும் வீட்டினுள் வைத்திருத்தல் வேண்டும். தேயிலை மலைகளில் ஈரக் காலத்தில் அட்டையும் உண்ணியும் மிகுதி. ஈ மொய்க்கும் புண்ணில் முட்டையிடுவதாற் புழுவுண்டாகும். மாட்டுக் கொட்டிலிலும் எருக்குவியலிலும் பூனை படுக்காது பார்த்துக்கொள்க.

மருந்து தெளித்த மரக்கறிப் பாத்திகளிற் பூனையை நடக்கவிடலாகாது. பாதத்திற் படிந்த மருந்தை அது நக்கி உட்கொள்ளும். அதே பாதத்தாற் புண்ணையும் தேய்க்கும்.

இடக்கூடாத மருந்துகள்

நல்லெண்ணத்தோடு செய்யும் கைமருந்தினாற் பூனை இறந்துபோவதுண்டு. ஆதலால் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

பரசிட்டமோல் வில்லை மனிதருக்கு வலி தணிக்கும். பூனைக்கோ அது நஞ்சாகும். அதனை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. ஒரேயொரு வில்லைகூடப் பூனையைக் கொல்லப் போதுமானது. வலி தணிக்கும் மருந்து வேண்டுமாயின் மிருக வைத்தியர் தருவதை மட்டுமே கொடுத்தல் வேண்டும்.

நாய்க்குரிய தெள்ளு, உண்ணி மருந்துகளிற் சில பெர்மெத்ரின் என்னும் பொருளைக் கொண்டவை. அவை பூனையின் உடலிற் பட்டாலே நடுக்கமும் வலிப்பும் உண்டாகி மரணம் நேரலாம். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு இடுதல் ஒருபோதும் கூடாது.

மண்ணெண்ணெய், தேர்ப்பந்தைலம், தரையைச் சுத்தஞ் செய்யும் கிருமிநாசினிகள், மதுசாரம் ஆகியவற்றைக் காதில் இடலாகாது. மஞ்சளையும் சாம்பலையும் அப்பினால் எண் மறைவதோடு பொருக்கினுள் அழுக்கும் சேரும். எண்ணெய் பூசினால் தூசியும் எறும்பும் ஒட்டும். காதின் துவாரத்தினுள் எதனையும் ஊற்றுதல் கூடாது. புண் எவ்வித மருந்துமின்றித் தானே ஆறுவதே இயல்பு என்பதை நினைவிற் கொள்க.

எலிப்பாஷாணமும் குருதிப் பெருக்கும்

எலியைக் கொல்லும் பாஷாணங்களுள் ஒருவகை குருதி உறைவதைத் தடுப்பதாகும். அதனை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அத்தகைய எலியைப் பூனை எளிதிற் பிடித்து உண்ணும். அவ்வாறு பல எலிகளை உண்ட பூனையின் குருதியும் உறையுந் தன்மையை இழக்கும். புறத்தே எவ்வித நோயும் தோன்றாதிருக்கும். ஆனால் ஊசித் துளையோ, சத்திரசிகிச்சைக் காயமோ ஏற்பட்டால் குருதி நில்லாது ஒழுகும். எண் பதித்த காதிலிருந்து குருதி சொட்டிக்கொண்டேயிருந்தால் இதனை ஐயுற்று உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். காலந்தாழ்த்தாது கொடுத்தால் உயிர்ச்சத்து கே1 இதற்கு மாற்று மருந்தாகும்.

சிங்க் பாசுபைட்டும் ஆபத்தானதே. அதனை உண்டு இறந்த எலியின் வயிற்றில் எஞ்சிய நஞ்சு பூனைக்குத் தீங்கு செய்யும். ஆதலால் பாஷாணம் வைத்த கமக்காரர் நாள்தோறும் காலையில் இறந்த எலிகளைத் தேடி, வெறுங்கையாற் தொடாது மண்வெட்டியால் அள்ளி ஆழப் புதைத்தல் வேண்டும். இதனால் எலிக்காய்ச்சலிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளலாம். பூனை எலி பிடிக்கும் வீட்டைச் சுற்றிப் பாஷாணம் வையாது, பொறி வைத்தலே அறிவுடைமையாகும்.

வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டிய அறிகுறிகள்

1. காது மடல் தலையணைபோல் உப்பி மென்மையாயிருத்தல். பூனை தலையை ஓயாது உதறுவதாற் காது மடலினுள் குருதிக்குழாய் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்குமிடையே குருதி தேங்குவதால் இது நேர்கின்றது. இதனை ஊசியாற் குத்தி வெளியேற்ற முயலலாகாது.

2. சீழ், துர்நாற்றம், மிகுந்த சூடு, புழு ஆகியவை காணப்படுதல்.

3. தலையை ஒருபுறமாய்ச் சாய்த்து நடத்தல்.

4. காதினுள் கோப்பித்தூள் போன்ற கருமையான அழுக்கு மிகுதல். இது காதுச் சிற்றுண்ணியின் அடையாளமாகும். இது சொறியை மிகுவித்து எண்ணைக் கெடுக்கும்.

5. பல்லீறு வெளிறுதல், சோர்ந்து கிடத்தல், மூச்சு வாங்குதல்.

6. வீடு திரும்பியபின் ஒரு முழுநாள் கடந்தும் உண்ணாதிருத்தல். பல நாட்கள் பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலிற் கொழுப்புப் படிந்து நோயுண்டாகும்.

எண்ணைப் படித்தலும் பதிவு செய்தலும்

எண்ணைப் பதித்துவிட்டால் மட்டும் பயன் விளையாது. அவ்வெண் யாருடைய பூனைக்குரியது என்பதை எழுதி வைத்தல் வேண்டும். ஒரு கொப்பியிற் பூனையின் எண், நிறம், ஆண் அல்லது பெண் என்பது, பிறந்த ஆண்டு, எண் பதித்த திகதி, கருத்தடை செய்த திகதி, தடுப்பூசி ஏற்றிய திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. எண் பதித்த நிலையத்திலும் உங்கள் முகவரி பதியப்பட்டுள்ளதா என்று கேட்டறிக. வேறு தோட்டத்திற்கோ, வேறு ஊருக்கோ குடிபெயர்ந்தால் புதிய முகவரியை அறிவித்தல் வேண்டும்.

காலஞ் செல்லச் செல்ல மை மங்கக்கூடும். சிறு குட்டியிற் பதித்த எண் காது வளரும்பொழுது விரிந்து தெளிவு குன்றும். அவ்வாறாயின் இருண்ட அறையிற் காதின் பின்புறத்தில் மின்சூளை வைத்து ஒளியைப் பாய்ச்சினால் மைப்புள்ளிகள் நிழல்போற் தோன்றும். 6, 9 ஆகிய எண்களைத் தலைகீழாய்ப் படித்து மயங்காதிருக்க, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதையும் கொப்பியிற் குறித்தல் நன்று.

காதில் எண் இருப்பதனால் அப்பூனைக்கு விசர்நோய் வாராது என்று எண்ணுதல் பெருந்தவறாகும். எண் அடையாளத்தை மட்டுமே தரும், காப்பது தடுப்பூசியேயாகும். அதனை ஆண்டுதோறும் ஏற்றுவித்தல் வேண்டும்.

கடித்தாலும் கீறினாலும் செய்யவேண்டியது

பராமரிக்கும்பொழுது பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் நன்றாகக் கழுவுதல் வேண்டும். காயத்தைக் கட்டி மூடாது, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். பூனையின் எண்ணையும் தடுப்பூசித் திகதியையும் குறித்த கொப்பியை உடன் கொண்டு செல்க. கடித்த பூனையைக் கொன்றுவிடாது, பாதுகாப்பாய் அடைத்து வைத்துக் கவனித்தல் வேண்டும். எத்தனை நாட்கள் கவனிக்கவேண்டும் என்பதை வைத்தியர் கூறுவார்.

சுருக்கம்

எண் பதித்த காதைத் தொடாது, நனைக்காது, மருந்திடாது இரண்டு வாரங்கள் காத்தலே முதற் கடமையாகும். முதல் இரவிற் குளிரிலிருந்து காக்க. பரசிட்டமோலும் நாய்க்குரிய உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சென அறிக. எலிப்பாஷாணம் வைத்ததை வைத்தியரிடம் மறைக்காதீர். எண்ணைக் கொப்பியிற் குறித்து, தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவிக்க. இவற்றைக் கடைப்பிடித்தால் நெல்லையும் விதையையும் காக்கும் பூனை நலமாயிருப்பதோடு, அதனோடு விளையாடும் குழந்தைகளும் நோய்க்கு அஞ்சாது வாழ்வர்.